அருங்காட்சியகத்தில் போணி

பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தின் இயக்குநர் என்று என் அறைக் கதவில் பித்தளைப் பலகை இருக்கிறது. கதவுக்கு உள்ளே நான். வெளியே ஒரு காவலாளி. பார்வையாளர்களில் பாதிப் பேர் ஏசிக்காக வரும் மாணவர்கள், மீதிப் பேர் கழிப்பறைக்கு வழி கேட்பவர்கள். ஓவியங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவன் நான். கழிப்பறைக்கு வழி சொல்வதில் இப்போது அதைவிடத் தேர்ச்சி.

அப்பாவுக்கு இதே தூத்துக்குடியில் பலசரக்குக் கடை. அண்ணன் அவரோடு கடையில் உட்கார்ந்துவிட்டான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அப்பாவுக்கு விளக்கிய விளக்கங்களைச் சேர்த்தால் இன்னொரு முனைவர் பட்டம் தேறும். கடைக்கு வருகிறவர்களிடம் அவர், "சின்னவன் யுனிவர்சிட்டில படம் மாட்டுதான்" என்பார். தப்பு என்று சொல்லவும் முடியாது.

அருங்காட்சியகத் திறப்பு விழாவுக்குச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். துணைவேந்தர் ரிப்பன் வெட்டி முடித்ததும், துறைமுகத்தில் தோணிகள் நிற்கும் ஓவியத்தின் முன்னால் அப்பா நேராகப் போய் நின்றார்.

"ஏலே, இதுல ஒண்ணு கட்டு."

எங்கள் ஆட்களில் யார் கடை திறந்தாலும் சொந்தக்காரர்கள் போய் முதல் வியாபாரத்தைச் செய்துவிட்டு வருவார்கள். அதுதான் போணி. போணி செய்ய வந்தவரிடம் இல்லை என்ற சொல்லை எந்தக் கடைக்காரரும் எடுக்க மாட்டார். சரக்கு தீர்ந்திருந்தால்கூடப் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடுவார். கடையிலேயே வளர்ந்த எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அன்று புதுக் கோட்டு போட்டிருந்தேன். தூத்துக்குடி வெயிலில் கோட்டு போட்டவனுக்கு மூளை எப்படி வேலை செய்யும்?

"இது விக்கிறதுக்கு இல்லப்பா. பல்கலைக்கழகச் சேகரிப்பு" என்றேன், துணைவேந்தர் காதில் விழும்படி.

"போணி நேரத்துல இல்லன்னு சொல்லுத. நல்லாருலே" என்றார். கிளம்பிப் போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

வீட்டில் பேச்சு நிற்கவில்லை. சாப்பிட்டாயா என்பார், பெட்ரோல் விலை பேசுவார். என் வேலையைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்குகிற எனக்கு, அந்த ஒரு மனுஷன் வந்து ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏக்கமாகவே இருந்தது.

போன வருடம் பல்கலைக்கழகம் எங்களிடமும் வருமானம் கேட்டது. தோணி ஓவியத்தை அட்டையில் அச்சடித்து, விற்பதற்கு வாசலில் மேசை போட்டேன். கலையை விற்கக் கூடாது என்று நான் எழுதிய கட்டுரையை மேசையில் விரித்து, அதன்மேல்தான் அட்டைகளை அடுக்கினேன். எல்லாம் முடியவே மதியம் நெருங்கிவிட்டது. ஒரு மாணவி வந்து அட்டை கேட்டாள்.

"கொஞ்சம் இரும்மா, இன்னும் போணி ஆகல."

"நான் வாங்கினாத்தானே சார் போணி ஆகும்?"

நியாயமான கேள்வி. கடைக்குப் போன் போட்டேன். "அப்பா, போணி பண்ண வாங்க." அந்தப் பக்கம் அண்ணனிடம் அவர் வண்டிச் சாவி கேட்பது காதில் விழுந்தது.

வந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காசைக் கொடுத்துவிட்டு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாணவி தனக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். அப்பா உள்ளே போய் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கடல் படம் ஒன்று அவருக்குப் பிடிக்கவே இல்லை. "தண்ணி இந்த நெறத்துலயாலே கெடக்கு?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். பாராட்டு எதுவும் வரவில்லை. திரும்பி வந்து, மேசைக்குப் பின்னால் இருந்த என் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"மணியாச்சு. நீ போயி சாப்ட்டுட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

கடையில் மதியமானால் அண்ணனிடம் அவர் சொல்வது இதுதான். என்னிடம் அதுவரை சொன்னதில்லை. எனக்குப் பசியே இல்லை. கேண்டீனுக்குப் போய் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன்.