மஃப்ளரில் கட்டிய பூச்சிகள்

மார்கழியில் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள், மீன் கறியும் சமைக்க மாட்டார்கள். அந்த மாதமாகப் பார்த்துத்தான் மாமா தூண்டிலோடு வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி, ஊட்டிப் பக்கம் ஒரு விடுதியில் வேலை. தாய் இல்லாத அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அம்மாதான். முசரவாக்கத்தில் அவருக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாள். தை பிறந்தால் பதில் சொல்ல வேண்டும். மாமாவுக்கு மலையில் ஒருத்தி இருந்தாள். அதை அக்காவிடம் சொல்லிச் சம்மதம் வாங்கத்தான் வந்திருக்கிறார் என்பதெல்லாம் மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்தது, மாமா தூண்டிலுக்குப் பொய்ப் பூச்சி கட்டுவார் என்பதுதான்.

மண்புழு கோத்து மீன் பிடிப்பவர்களைப் பார்த்தால் அவருக்கு இளக்காரம். கழுத்தில் கிடந்த பழுப்பு மஃப்ளரின் ஓரக் குஞ்சத்திலிருந்து விரல் நீளம் கம்பளி நூலை உருவி, தூண்டில் முள்ளில் சுற்றுவார். அதுதான் பூச்சியின் வயிறு. தலைப்பக்கம் நாட்டுக்கோழியின் கழுத்து இறகு, இரண்டே சுற்று. தண்ணீரில் இழுத்தால் இறகு மூடித் திறக்கும், பூச்சி காலை உதைக்கிற மாதிரியே இருக்கும். தறியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. காஞ்சிபுரத்துக்கு வந்து கம்பளியா என்று கழிவுப் பட்டு நூலைத் தூக்கிப் போட்டார். பட்டு நனைந்தால் படிந்துவிடும், கம்பளிதான் உப்பி நிற்கும் என்றார் மாமா. வேறு கம்பளியில் கட்டக் கூடாதா என்று நான் கேட்டேன். மீனுக்கு இந்த மஃப்ளர்தான் பிடிக்குமாம். நம்பினேன்.

அம்மாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "மார்கழியில கோழி இறகெல்லாம் வூட்டுக்குள்ள இன்னாத்துக்குடா?"

அந்த வருஷம் நல்ல மழை. செவிலிமேட்டை ஒட்டிப் பாலாற்றில் தண்ணீர் நின்றது. ஜிலேபி மீன் கொத்தும். மாமா முள்ளைக் கழற்றிவிட்டு மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார். பேச்சுச் சத்தத்துக்கு மீன் ஓடிவிடும் என்று என்னைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, அவர் மட்டும் போனில் பேசுவார், பேசுவார், அப்படிப் பேசுவார். அவர் குரலுக்கு மட்டும் ஓடாத மீன் போலிருக்கிறது!

ஒருநாள் மஃப்ளரைத் துவைக்க எடுத்த அம்மா, அதை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். நூலோடு பிறந்த கை அவளுடையது. "கடையில வாங்குனது இல்லியே. யாரு பின்னுனது?" என்றாள். கூட வேலை செய்யறவங்க என்றார் மாமா. அதோடு நிறுத்திக்கொண்டார். சொல்லத்தானே வந்தார்? அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

போகிக்கு முன்தினம் வீடு கழுவிக்கொண்டிருந்தோம். மாமா குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தறிக்கு ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சிகளில் மஃப்ளர் மொத்தமும் பிரிந்து ஏறியிருந்தது, ஒரு சிக்கு இல்லாமல்.

"இன்னாக்கா இது?"

"நூல் பிரிஞ்சி தொங்கிக்கினு இருந்துச்சு. உனுக்குப் பூச்சி கட்டத்தானே? சுத்தி வெச்சிட்டேன்."

"திரும்பப் பின்ன முடியுமா?"

"நம்ம வூட்ல யாருக்குடா பின்னத் தெரியும்? நாம நெய்யறவங்க."

கோபமே இல்லாமல், சோறு போடட்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். மாமா ஒரு குச்சியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

தையில் நிச்சயமானது. முசரவாக்கத்து அத்தை தங்கமானவள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமாவும் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனாலும் அந்த ராட்டினச் சத்தத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மாமாவுக்காக வருத்தமாக இருக்கிறது. முகம்கூடத் தெரியாத அந்த மலைக்காரிக்காகவும்தான்.

அன்றோ எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பூச்சி என்றாலே எரிந்து விழுந்த அம்மா, தானே உட்கார்ந்து தம்பிக்கு நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறாளே! நிச்சயத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அந்தக் குச்சிகளைக் கொண்டுபோய்க் காட்டி, எங்கம்மாவுக்கு மாமா மேல எவ்ளோ பாசம் பாருங்க என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.