நோன்பின் கடைசி ஒரு மணி நேரம்

காத்திருப்பவருக்குக் காலம் நீள்கிறது என்று என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் எழுதியிருந்தேன். மாலைப்பொழுதில் தலைவனை எதிர்நோக்கும் தலைவியின் பாடல்களைப் பற்றிய இயல் அது. இராமநாதபுரத்தில் என் நெறியாளர் அந்த வரியைச் சுட்டி, "பாட்டுல நீளுது, சரி. உண்மையிலேயே நீளுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் கொடு, இல்லாட்டி எடுத்துடு" என்றார். அதை எடுத்தால் இயலே நிற்காது.

அப்போது நோன்பு மாதம். ஏர்வாடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில், நோன்பு திறக்குமுன் வரும் கடைசி ஒரு மணி நேரம் நகர்வதே இல்லை என்று நாள்தோறும் முறையிடுபவர் லாத்தா, என் அக்கா. அவரையே சோதிப்பது என்று முடிவு செய்தேன். அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்து, நோன்பு திறக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். கைப்பேசிகளை அலமாரியில் பூட்டினேன். ஒரு மணி நேரம் ஆனதாகத் தோன்றும்போது அவர் சொல்ல வேண்டும்.

"நான் பசியோட உக்காந்திருக்கணும், நீ பட்டம் வாங்கணும். நல்லாருக்கு புள்ள" என்றபடி உட்கார்ந்தார்.

ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிட்டார். எப்படி என்று கேட்டேன்.

"பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்க வாளியோட போறாகல்ல, சத்தம் கேக்கலையா உனக்கு?"

மறுநாள் சன்னலில்லாத உள்ளறையில் உட்கார வைத்தேன். உம்மா வடைக்குப் பருப்பு அரைக்கும் மிக்சியின் ஓசை அங்கும் எட்டியது. அதை நிறுத்தச் சொல்லும் துணிவு எனக்கில்லை. எண்ணெய் காயும் வாசனை, தொண்டையின் வறட்சி, எல்லாமே கடிகாரங்கள். அவற்றை முற்றிலும் நீக்கிய ஓர் அறையைக் கட்டினாலும், உள்ளே அமர்பவரின் உடல் மணி சொல்லிக்கொண்டேயிருக்கும். இடையிடையே கதவைத் திறந்து, "இப்ப மெதுவாப் போகுதா லாத்தா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீ அடுத்து எப்ப வந்து கேப்பேன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன். பசியே மறந்துபோச்சு."

என் கேள்வி அவருடைய காத்திருப்பையே மாற்றிவிட்டிருந்தது.

பெருநாளன்று வீட்டுக்கு வந்த மாமியிடம், "இந்த வருசம் நோன்பு ஓடியே போயிருச்சு" என்றார் அதே லாத்தா. நகராத மணி நேரங்களைக் கொண்ட மாதம் எப்படி ஓடும்? அவர் பொய் சொல்பவர் அல்லர். நடக்கும்போது கேட்டால் கேள்வி குறுக்கிடுகிறது. முடிந்தபின் கேட்டால் நினைவு பதில் சொல்கிறது. வேறெப்போது கேட்பது?

இவ்வளவையும் ஒரு நீண்ட அடிக்குறிப்பாகச் சேர்த்து நெறியாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "சோதனை தோத்துருச்சேம்மா" என்றார்.

"ஆமா மேடம். நீளலைன்னு காட்டவும் இதே சோதனையத்தான் செய்யணும். அதுவும் இங்கதான் வந்து தோக்கும். காத்திருக்கிறவங்க சொல்றதுக்கு மேல நமக்குச் சாட்சி கிடையாது. பாட்டுல இருக்கிறதும் அந்தச் சாட்சிதான்."

அவர் அடிக்குறிப்பை மறுபடியும் படித்தார். பிறகு, அந்த வரி இருக்கட்டும் என்றும், லாத்தாவை அடிக்குறிப்பிலிருந்து இயலின் உள்ளே கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். அன்று மாலையே தலைவிக்கு அடுத்த பத்தியில் லாத்தாவை அமர்த்தினேன்.