சோளகம் பார்த்து வான் எடுத்த எங்கள் அண்ணன்

அப்பாவைப் பற்றி எழுதித் தாருங்கள் மாமி என்று அண்ணனுடைய மகன் கொப்பியும் பேனையும் கொண்டுவந்து தந்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசி அறியாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பும் நின்றது. ஆனாலும் அவருடன் பிறந்தவள் எழுதவில்லை என்ற குறை வரக்கூடாது என்று எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் உடப்பில் பிறந்தார். அக்கா மூத்தவர், அண்ணன் நடு, நான் கடைசி. ஐயா கடலோடு போனபோது அண்ணனுக்குப் பதின்மூன்று வயது. அடுத்த மாதமே வள்ளத்தில் ஏறினார். அவர் உழைத்த காசில்தான் அக்காவை முல்லைத்தீவில் கட்டிக் கொடுத்தோம். எனக்கும் அவரே எல்லாம் செய்து வைத்தார். வலை இழுத்து இழுத்துத் தோள்பட்டை பழுதான பிறகு கடலை விட்டு, ஒரு பழைய டீசல் வான் வாங்கி ஓட்டினார்.

வானுக்கு வந்தும் அவர் கடற்காரராகவே இருந்தார். ஒரு பயணம் என்றால் எத்தனை பேர், என்ன பாரம் என்று கேட்பார். பிறகு வாசலுக்கு வந்து காற்றைப் பார்ப்பார். சோளகக் காற்று முதுகில் அடித்தால் டீசல் மிச்சம், முகத்தில் அடித்தால் நட்டம் என்பது அவர் கணக்கு. அண்ணியின் தம்பி பகிடி பண்ணுவார்.

"மச்சான், ஒரு பாயையும் கட்டி விடுங்களேன். டீசலே தேவப்படாது."

"கட்டலாம்தான். நீ ஏறினா பாய் இழுக்காதேடா, மூணு பேர் பாரம் நீ."

ஆனால் அவர் கணக்கு உண்மையாகவே சரிவரும். டீசல் தாங்கியை வாய்மட்டம் நிரப்பி, சிலாபம் போய் வந்து, திரும்ப நிரப்பிப் பார்த்து, ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று மனதில் வைத்திருப்பார். டயருக்குக் காற்றுப் பார்க்காமல் ஊரை விட்டு வெளிக்கிட மாட்டார். மெதுவாகவே ஓட்டுவார். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏழைகளிடம் டீசலுக்கு மட்டும் வாங்குவதற்காகவே அவர் இவ்வளவும் பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது.

சண்டை நடந்த காலம் முழுவதும் அக்காவை நாங்கள் காணவில்லை. பாதை திறந்ததும் அண்ணன் இலங்கைப் படத்தை விரித்து, மீன்பிடிக்கும் தங்கூசி நூலை உடப்பிலிருந்து முல்லைத்தீவுக்கு நேரே இழுத்து அளந்தார். கடலில் அப்படித்தானே போவது? ரோட்டுக்கு வளைவு இருப்பதை மறந்துபோனார். மாங்குளத்துக்கு இப்பால் டீசல் முடிந்து காட்டுக்குள் நின்றோம். அக்காவைக் கண்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா அழவில்லை. "இத்தனை வருசம் பிந்தினது காணாதெண்டு இண்டைக்கும் பிந்தி வாறியளோ?" என்று ஏசினார். அதன் பிறகு அண்ணன் நூலை வளைவோடு வளைவாக வைத்தே அளப்பார். வருடத்தில் ஒரு தடவை போய் வந்தோம்.

பிறகு டீசலை வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த காலம் வந்தது. அந்த நேரத்தில்தான் அக்கா படுக்கையில் விழுந்தார். அத்தான் முன்னமே போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில், "சாப்பாடு இறங்குதில்லை, உங்களைத்தான் கேட்கிறா" என்று சொன்னது. உயிரோடு ஒரு தடவை அக்காவின் முகத்தைப் பார்க்கக் கிடைக்குமா என்று நான் சுவாமி அறையில் அழுதேன்.

அண்ணன் மூன்று வாரம் வானை அசைக்கவில்லை. கொடுத்த டீசலை எல்லாம் தாங்கியில் சேர்த்தார். கூரைக் கம்பியைக் கழற்றினார். பின் சீற்றுகளைக் கழற்றி விறாந்தையில் அடுக்கினார். ஐம்பது லீற்றர், போகவும் வரவும் மட்டுமட்டாகக் காணும் என்றார். நான் தயங்கித் தயங்கி, "அப்ப நான் நிக்கிறன் அண்ணா, என்ட பாரமாவது குறையட்டும்" என்றேன்.

"நீ வராட்டி அவவ ஆரு பிடிச்சுக்கிட்டு வாறது?" என்று கேட்டுவிட்டு ஒரு பஞ்சு மெத்தையைத் தூக்கி உள்ளே போட்டார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

முல்லைத்தீவில் அக்கா பாயோடு பாயாகக் கிடந்தார். எங்களைக் கண்டதும், "பாத்திட்டன், போதும். இருட்ட முன்னம் போங்கோ. டீசலக் கரியாக்காதையுங்கோ" என்றார்.

அண்ணன் குனிந்து அவரைத் தூக்கினார். "உன்னையும் சேத்துத்தான் அக்கா கணக்குப் பாத்தது. வரக்க மூணு பேர். நீ மெலிஞ்சு போனதால எனக்கு இன்னும் லாபம்."

அன்று அங்கேயே தங்கி, சோளகம் எழும்ப முன்னம் விடியற்புறம் வெளிக்கிட்டோம். அக்காவின் தலை என் மடியில். புத்தளம் உப்பளத்தடியில் காற்று எதிரே அடித்தது. அண்ணன் மரநிழலில் நிறுத்தி, காற்று தணியும் வரை இருந்தார். ஊரை நெருங்கும்போது டீசல் காட்டும் முள் அடியில் கிடந்தது. வீட்டுக்குப் போகச் சரியாக இருக்கும் என்றார். அப்போது அக்கா தலையைத் தூக்கி, "கடலப் பாத்திட்டுப் போவமே தம்பி" என்றார்.

ஒரு மைல்கட்டை தூரம் கூட வீணாக ஓடாத மனிதர், வானைக் கரைப்பக்கம் திருப்பினார்.

கடல் தெரிந்த இடத்திலேயே டீசல் முடிந்து வான் நின்றது. கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் ஓடிவந்தார்கள். வலைக்கயிற்றை வானில் கட்டி, வலை இழுக்கப் பாடும் அம்பாப் பாட்டைப் பாடி, எங்கள் வாசல் வரைக்கும் இழுத்துவந்து விட்டார்கள். "எத்தின கிலோ மீன் அண்ண உள்ள?" என்று கேட்டார்கள். அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்போடு கஞ்சி குடிக்கத் தொடங்கியவர், இன்றைக்கும் என்னோடு இருக்கிறார்.

அண்ணனை நெஞ்சு வருத்தத்தோடு சிலாபம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நான் ஒவ்வொரு நாளும் போனேன். கடைசியாகப் பார்த்த அன்று, "நாளைக்கு வான் எடுக்கச் சொல்லாத. ஒராளுக்கு ஒரு வானா? பஸ்ல வா" என்றார். நான் சிறுவயதிலிருந்தே அவர் சொல்லைத் தட்டியதில்லை. பஸ்ஸில் போனேன். போய் இறங்கும்போது அண்ணி வெளியே வந்து நின்றார்.

இத்தனை நாளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வானில் போயிருந்தால் அரை மணித்தியாலம் முந்தியிருப்பேன்.

அவரைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், செத்த வீட்டில் உலை வைத்த அயலவருக்கும், இன்று முப்பத்தோராம் நாளுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் கைகூப்புகிறேன். அன்று கயிறு பிடித்து வானை இழுத்த பிள்ளைகளே, அண்ணனைச் சுடலைக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நீங்கள்தான். கரைவழியாகத்தான் கொண்டுபோனீர்கள் என்று அக்காவிடம் சொன்னேன். "சுத்துப்பாதையா? அப்ப நல்லாக் கடலப் பாத்திருப்பான்" என்றார்.