'நினைக்கிறேன்' என்று எழுதக் கூடாத மேசை

சர்க்கார் ஆபீசில் ஆங்கிலக் கடிதம் எழுதுவது என்பது, நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தெரிந்தும் தெரியாததுபோலச் சொல்லும் தொழில். அந்தத் தொழிலைப் பற்றி ஓய்வு பெற்றவர்கள் எழுதும்போது ஆபீசர் வருவார், அவருடைய ஜீப் வரும், மேலிடத்துக் கோபம் வரும். மனுவைக் கொடுத்துவிட்டு வாசல் வெயிலில் நின்ற பெண் மட்டும் வரமாட்டாள். அவள் பெயர் ராக்கம்மாள். கோப்பு எழுதிப் பிழைத்த என் இனத்தாரே, உங்கள் வாசலிலும் ஒருத்தி நின்றிருப்பாள்; நினைவுபடுத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் வரியிலேயே குட்டு

எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, அறுபதுகளின் நடுவில் திருச்சுழிப் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்தேன். எனக்கு வந்த முதல் கோப்பு ராக்கம்மாளின் மனு. கூலி வேலை செய்யும் இருபது குடும்பங்கள் வாழும் அவள் தெருவுக்குக் கிணறு கிடையாது. மேலத்தெருக் கிணற்றில் அவர்கள் வாளி விடக் கூடாது. யாராவது மனமிரங்கி இறைத்து ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும். தங்களுக்கென்று ஒரு கிணறு வேண்டும் என்பதுதான் மனு. நான் குறிப்பின் முதல் வரியில், கிணறு அவசியம் என்று நினைக்கிறேன், 'ஐ திங்க்' என்று எழுதினேன்.

ஹெட்கிளார்க் கூப்பிட்டனுப்பினார். மனுதாரர் 'ப்ரே' செய்யலாம், குமாஸ்தா 'சப்மிட்' செய்யலாம், இடத்தைப் பார்த்துவரும் இன்ஸ்பெக்டர் 'ரிப்போர்ட்' செய்யலாம், ஆபீசர் மட்டுமே 'ஒப்பைன்' செய்யலாம், அதாவது அபிப்பிராயம் சொல்லலாம், அவருக்கும் மேலே இருப்பவர் 'டைரக்ட்' செய்வார் என்று விரல் விட்டு எண்ணினார். இதே சொற்களைத்தான் பல்கலைக்கழகத்தில் வாதம் செய்வதற்குச் சொல்லித் தந்தார்கள். இங்கே அவை நாற்காலியின் உயரத்தைக் காட்டுவதற்கு இருந்தன. எந்த நாற்காலிக்கு 'ஐ திங்க்' என்று கேட்டேன். என் வரியைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே சொன்னார்: "இந்தாம்மா, நினைக்கிறதெல்லாம் பஸ்ஸுல வரும்போதே நினைச்சு முடிச்சிட்டு வந்திரணும்."

கும்பிட்ட மனு

ராக்கம்மாளின் தமிழ் மனுவை ஆங்கிலத்தில் பெயர்த்து மேலே அனுப்ப வேண்டும். அவள் வாசலில் நின்றபடியே, என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொன்னாள். வரி வரியாகத் தமிழில் சொன்னேன்: மனுதாரர் மிகுந்த பணிவுடன் கும்பிட்டு வேண்டிக்கொள்கிறார், மன்றாடுகிறார், கருணை கூர்ந்து கவனிக்கக் கெஞ்சுகிறார். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"நான் யாரையும் கும்பிடலையே தாயி. கெணறு வேணும்னு கேட்டேன். கேட்டவுகளக் கேட்டாகன்னு எழுத, வெள்ளைக்காரன் ஒரு சொல்லுகூடவா விட்டுட்டுப் போகல?"

மூன்று பாஷை டைப்பிஸ்ட்

எங்கள் டைப்பிஸ்ட் அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. ராமுலு என்று கூப்பிடுவோம். தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் டைப் மெஷினின் சத்தம் தனக்குத் தாலாட்டு என்பான். இன்ஸ்பெக்டர் போய்ப் பார்த்துவிட்டு எழுதிய ரிப்போர்ட்டை அவன்தான் அடித்தான். கிணறு தோண்டக் குறித்த புறம்போக்கின் பக்கத்துப் புஞ்சைக்காரர், தன் கிணற்றில் ஊற்று வற்றிவிடும் என்று ஆட்சேபித்திருந்தார். அவர் சொன்னது 'அபிப்பிராயப்படுகிறார்' என்று பதிவாகியிருந்தது. தெருப் பெண்கள் சொன்னது 'சொல்லிக்கொள்கிறார்கள்' என்று பதிவாகியிருந்தது.

இந்த வித்தியாசம் உனக்கு உறைக்கிறதா என்று அவனைக் கேட்டேன். காகிதத்தை உருவி எடுத்துக்கொண்டு சிரித்தான்: "வீட்டுல தெலுங்கு, பஸ்ஸுல தமிழு, இங்க இங்கிலீசு. இந்த மூணுலயும், ராமுலு நீ என்ன நெனைக்கிறேன்னு என்னைய ஒருத்தரும் கேட்டதில்ல, அக்கா. முத ஆளு நீங்கதான். டீ வாங்கித் தாங்க, யோசிச்சுச் சொல்றேன்."

பாராட்டுப் பெற்ற வாக்கியம்

ஆபீசரின் அபிப்பிராயக் கடிதத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் மேலத்தெருக் கிணற்றடியை நானே பார்த்திருந்தேன். ராக்கம்மாளும் ஏழெட்டுப் பெண்களும் மண்ணில் குடத்தை வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் நின்றார்கள். இறைக்க வந்தவர்கள் இரண்டு குடத்தை நிரப்பினார்கள். மற்றவர்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். எனவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. உறுதியான சொல்லை எழுதியவனைத்தான் மேலிடம் விளக்கம் கேட்கும். ஆகவே எந்தச் சொல்லையும் ஒரு படி இறக்கி எழுத வேண்டும். 'ரெக்கமெண்ட்' என்று எழுதினேன். ஹெட்கிளார்க் அதை அடித்துத் திருப்பினார். அப்போது நான் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. என் ஆங்கிலத்தின் மீது எனக்கிருந்த கர்வம் விழித்துக்கொண்டது. அத்தெருவினருக்குக் குடிநீர் வசதி குறைவாக இருக்கக்கூடும் என்று தோன்றுவதாகவும், கிணறு தோண்டுவது உசிதமா என்பது பரிசீலிக்கப்படலாம் என்று கருத இடமிருப்பதாகவும் ஒரு நீண்ட வாக்கியத்தை இழைத்து இழைத்து எழுதினேன். அதில் ஒரு பிழை கிடையாது. ஒரு மனிதரும் கிடையாது. ஆபீசர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்: "எம்.ஏ.ன்னா எம்.ஏ.தான்யா. இதுல எவனும் நம்மளக் கோத்துவிட முடியாது."

பஸ் ஸ்டாண்டில் ஒரு கேள்வி

எட்டு மாதம் கழித்துக் கோப்பு திரும்பியது: அபிப்பிராயம் தெளிவாக இல்லை, திருத்தி அனுப்பவும். திருத்தினோம், 'கருத இடமுண்டு' என்பது 'கருதலாம்' ஆயிற்று. மறுபடியும் திரும்பியது. இடையில் இரண்டு மழைக்காலங்கள் பொய்த்தன. மேலத்தெருக் கிணற்றிலும் சேறு தெரிந்தது. இறைத்து ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒருநாள் காலை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ராக்கம்மாளைப் பார்த்தேன். மகன், மருமகள், ஒரு மூட்டை, ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்த மூன்று குடங்கள். தெருவில் ஒன்பது குடும்பங்கள் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போகின்றன என்றாள். போகாதே என்றேன். கோப்பு என் மேசையில்தான் இருக்கிறது, இந்த முறை உறுதியாக எழுதப்போகிறேன் என்றேன். அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. குடங்களை மருமகளின் இடுப்புக்கு மாற்றிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தக் காகிதத்துல, இவுகளுக்குத் தண்ணி இல்லன்னு எழுதியிருக்கா தாயி, இல்ல, இல்லையோ என்னமோன்னு எழுதியிருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் வரக் கால் மணி நேரம் ஆயிற்று. மறுநாள் 'ரெக்கமெண்ட்' என்று எழுதி, யார் அடித்தாலும் மறுபடி அதையே எழுதுவேன் என்று ஹெட்கிளார்க்கிடம் சொன்னேன்; அவர் இனிஷியல் போட்டார். இரண்டு வருடத்தில் கிணறு வந்தது, நல்ல தண்ணீர், புஞ்சைக்காரரின் கிணற்று ஊற்றும் வற்றவில்லை. ராக்கம்மாள் ஏழு வருடம் உப்பு வாரி, ஊர் திரும்பாமல், அந்தத் தண்ணீரில் ஒரு வாய்கூடக் குடிக்காமல் தூத்துக்குடியிலேயே இறந்தாள். இது 'தோன்றுகிறது' அன்று, 'கருதப்படுகிறது' அன்று, நடந்தது.