சன்னல் கம்பியும் சென்றாயனும்

சன்னல் கம்பிகளுக்கு நடுவே முகத்தைச் செருகிக்கொண்டு சென்றாயன் படிக்கிறார். புத்தகம் உள்ளே, சன்னலை ஒட்டிய மேசைமேல். வாய் மட்டும் வெளியே. சன்னலுக்கடியில் இரண்டு செங்கல் அடுக்கி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் காரிமங்கலத்து ஷரீபுன்னிசா. பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். பிறவியிலேயே பார்வை கிடையாது.

"ஏன்யா, அந்தப் பொண்ண உள்ள உக்கார வெச்சுப் படிச்சா குடியா முழுகிப் போயிடும்?" என்றேன். அவளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். கேட்காமல் இருக்க முடியுமா?

சென்றாயன் எங்கள் கல்லூரி நூலக உதவியாளர். "உள்ள சத்தமா படிக்கக் கூடாதுங்க சார். இந்தப் புக்கு ஒரே ஒரு காப்பி, வெளிய போகக் கூடாதுங்க. இப்ப பாருங்க, எந்த ரூலும் அடிபடலீங்க" என்றார், பெருமையாக!

இந்த மனிதரோடு மாரடிக்க எனக்குத் தெம்பில்லை. தனி அனுமதி கேட்டு ஆடியிலேயே மனு கொடுத்தேன். சித்திரை பிறந்துவிட்டது. "மேலே எழுதியிருக்கிறோம்" என்கிறார்கள். மேலே என்றால் எங்கே, வானத்துக்கா?

அவர் படிக்கிற அழகு வேறு! அச்சகத்தின் விலாசம், பக்க எண், நூலக முத்திரை, ஒன்றையும் விடமாட்டார். "இங்க எவனோ ராஜா படத்துக்குப் பென்சில்ல மீசை போட்டு வெச்சிருக்கான் பாப்பா" என்று அதையும் சொல்லுவார். தேர்வுக்கு நான்கே நாள். ஏற்கெனவே ஒருமுறை இதே தாளில் தவறியவள் அவள். "இந்த வாட்டியும் போச்சுன்னா வூட்ல நிறுத்திப்புடுவாங்க சார்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"மீசை எதுக்குய்யா இப்ப?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியறதெல்லாம் பாப்பாவுக்கும் தெரியணுமில்லீங்களா?"

அவர் சொன்னது நியாயம்தான். அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

நேற்று திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. அவள் எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஆறு பக்கந்தானே அண்ணா, படிங்க" என்றாள்.

"உள்ள கூப்பிடுய்யா!" என்று நூலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

சென்றாயன் சுவரில் தொங்கிய 'அமைதி காக்கவும்' பலகையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த தன் குடையை எடுத்து, மடித்தபடியே கம்பிகளுக்கிடையே நுழைத்து, வெளியே விரித்து, அவள் தலைக்குமேல் பிடித்தார். சட்டைக் கை தோள்வரை நனைந்து சொட்டியது. அந்தக் கையை அசைக்காமல், மறுகையால் பக்கத்தைப் புரட்டினார்.