இராணுவப் பிள்ளைகளுக்கு அடித்த தப்பு

இப்போதும் தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்து தப்பு மேளம் முழங்கினால், அது அடித்து முடியும்வரை எனக்கு வேலை ஓடாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பன்வில டவுனுக்கு மேலே நாங்கள் கொழுந்து பறித்த மலைக்கு எதிரே, பயிற்சிக்கு வந்த இராணுவ விமானம் ஒன்று மானாப்புல்லுக்குள் விழுந்தது. கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினோம். நெருப்புப் பரவுமுன் உள்ளே இருந்த இருவரையும் ஆண்கள் இழுத்துப்போட்டார்கள். உயிர் இல்லை. மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளைகள். பெற்றவள் என்ன ஆவாளோ. தலைத்துண்டை அவிழ்த்து ஒரு பிள்ளையின் முகத்தை மூடினேன்.

என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தப்புக்காரர். சாவு என்றால் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. லயத்து வீட்டுக்கு ஓடித் தப்பை எடுத்துவந்து, எரிந்துகொண்டிருந்த புல்லிலேயே தோலை வாட்டிவிட்டு, சாவு அடியைத் தொடங்கிவிட்டார். எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகத் தோன்றவில்லை. பிணம் கிடக்கிற இடம் ஊமையாக இருக்கலாமா?

கீழே ஜீப் வந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. விழுந்தது இராணுவ விமானம். மேளம் அடிப்பது தமிழன்.

"ஏங்க, நிப்பாட்டுங்க! கொண்டாடுறோம்னு நெனச்சு சுட்டுருவாங்க!"

"சாவு அடிய பாதியில நிப்பாட்டக் கூடாது, சும்மா இரு."

கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறேன், பிடித்தால் குரங்குப் பிடிதான்.

ஏறி வந்த சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை அவர் நெஞ்சில் வைத்தான். அப்போதுதான் குச்சி நின்றது. "எங்கள் ஆட்கள் செத்தால் உனக்குச் சந்தோஷமா?" என்று சிங்களத்தில் கத்தினான். இவருக்குச் சிங்களம் வராது. எனக்குக் கடைத்தெருச் சிங்களம் வரும். அன்று அதுவும் வரவில்லை. "மள கெதர, மாத்தயா" என்று மட்டும் சொன்னேன். சாவு வீடு, ஐயா. வீடே இல்லாத மலையில் நின்றுகொண்டு என் தலைத்துண்டைக் காட்டினேன்.

அவர்களின் அதிகாரி குனிந்து துண்டை விலக்கிப் பார்த்தார். மறுபடி ஒழுங்காக மூடினார். துப்பாக்கியைக் கீழே இறக்கச் சொன்னார். சிப்பாய்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அவர் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "கஹன்ன" என்றார். அடி என்று.

அடித்துக்கொண்டே அவர்கள் பின்னால் இறங்கினார். தாளம் பிசகியது. எங்கள் வழக்கத்தில் சாவு ஊர்வலத்தோடு போகும் பெண்கள் லயத்து முனையோடு திரும்பிவிடுவோம்; அன்று நான் ரோடுவரை அவர் பின்னாலேயே போனேன். செத்த பிள்ளைகளுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். சுற்றிலும் அடிக்கச் சொன்னவர்களின் துப்பாக்கிகள். நிறுத்தச் சொல்லிக் கத்திய நானே, இந்த மனுஷன் பாதியில் நிறுத்திவிடக் கூடாதே என்று அழுதுகொண்டு போனேன்.