பன்னிரண்டு வருட வெந்நீர்

எண்பதுகளில் ஒரு காலை, போடிமெட்டு ஜீப்புக்காகக் காத்திருந்த டீக்கடையில்தான் அந்த ஒல்லி மனிதரைப் பார்த்தேன். டீ கிளாஸை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் தட்டி, மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பொண்ணா பாக்குறீக? வெரசா குடிங்கண்ணே, ஜீப்பு கெளம்பிரும்," என்றார் கடைக்காரர்.

"தொழில் புத்திண்ணே." வடக்கே, அணு உலைக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி உறையவைக்கிறார்களாம். அந்தக் கண்ணாடித் துண்டை வாரக்கணக்கில் வெந்நீரில் போட்டு, எடை குறைகிறதா என்று பார்ப்பது இவர் வேலை. குறைந்தால் நஞ்சு கரைகிறது என்று அர்த்தம்.

"இம்புட்டுதானா? இந்தா, இந்த கிளாஸு பன்னெண்டு வருசமா என் வெந்நியிலதான் கெடக்கு."

அவர் முகம் மாறிவிட்டது. "புதுசுல என்ன எடை இருந்துச்சு?"

"டீ கிளாஸை எவன்ணே எடை போடுவான்?"

பன்னிரண்டு வருடச் சோதனை வீணாய்ப் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "இன்னிலேருந்து நான் போடுறேன்," என்று கெஞ்சிக் கேட்டு வாங்கி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

ஜீப்புக்குள் இடமில்லை. பின்படியில் ஒற்றைக் கையால் தொற்றிக்கொண்டு வந்தார். மறு கை கிளாஸை நெஞ்சோடு அணைத்திருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பதறிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தோம்.

"என்னைய விடுங்கண்ணே," என்றார், "கிளாஸைப் பிடிங்க."